பத்து எண்ணுவதற்குள்

லிங்கராஜபுரம்
2 பிப்ரவரி 2026

லீனாக்காவுக்கு,

ரயானின் வேலையை நீதான் பறித்தாய். கோப்பையைச் சொல்லவில்லை. கோப்பை அடுத்த வருஷமும் வரும். சர்க்கார் வேலை வராது.

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் காகிதம். அம்மா உனக்குச் சாப்பாடு கொண்டுவரும் பையில் இதை வைக்கிறேன். படிக்க மாட்டேன் என்று அம்மா மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறாள். படிப்பாள்.

நேற்று ஃபைனலில் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த மூன்று சர்க்கார் துறை அதிகாரிகளும் ரயானைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே ஒரு இடம். ஃபுட் டெலிவரி ஓட்டுகிற நம் பையனுக்கு அதுதான் வழி. அவன் அம்மா பிரிஸில்லா சின்னம்மா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதல் பாதி முடியும் முன்பே நீ அவனை வெளியே அழைத்துப் போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாய்.

அவன் விழுந்தான், சரி. கோல்கீப்பர் முட்டி தலையில் பட்டது, சரி. ஆனால் எழுந்தானா இல்லையா? நான் டிரம் அடித்தேன், மொத்த லிங்கராஜபுரமும் கன்னடத்தில் எண்ணியது. ஒந்து, எரடு, மூறு. ஒம்பத்து சொல்லும்போது நின்றுவிட்டான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நம் டீமில் ஹத்து தாண்டித் தரையில் கிடந்தவன் ஒருவன்கூட இல்லை. அது உனக்கே தெரியும். தெரிந்தும் பிஸியோ என்று பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். அவன் முகத்தைப் பிடித்து ஏதோ கேட்டாய். ரெஃப்ரியைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்கே வைத்தாய். முடிந்தது. அஷ்வின் உள்ளே வந்தான், இரண்டு பந்தை வானத்துக்கு அனுப்பினான், நாங்கள் தோற்றோம்.

தலையில் அடிபட்டால் அன்றைக்குத் திரும்ப ஆடக்கூடாது. டாக்டரோ பிஸியோவோ சொன்னால் அதுவே தீர்ப்பு. ரசிகர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். டிரம் கோட்டருகே வரக்கூடாது. இந்த வருஷம் ஃபுட்பால் சங்கம் போட்ட விதிகள் இவை. ஒருவன் விழுந்தால் ஆட்டம் நிற்கிறது, ஜனங்கள் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்கிறார்கள். சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்த மாதிரி. இதற்கா நாங்கள் வெயிலில் நிற்கிறோம்?

இப்படிக்கு,
கிளெமென்ட்

மீன் குழம்பில் தலையை உனக்குத்தான் போட்டிருக்கிறாள். எனக்கு வால்.

•

ஈஜிபுரா
5 பிப்ரவரி 2026

அன்புள்ள கிளெமென்ட்,

'அன்புள்ள' போட உனக்கு மனம் வரவில்லை. நான் போடுகிறேன். எனக்கு அதில் கஷ்டமில்லை.

அதே பந்து, அதே முட்டி, அதே ஆள் என்றால் நாளைக்கும் அதையே செய்வேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

அவன் கட்டைவிரலைத் தூக்கினான் என்கிறாய். யாருக்குத் தூக்கினான் என்று பார்த்தாயா? நீங்கள் நின்ற பக்கம் அவன் திரும்பவே இல்லை. எதிர் டீம் பெஞ்சுக்குக் காட்டினான். அங்கே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ கயிற்றுக்குப் பின்னால் டிரம்மைக் கிழித்துக்கொண்டிருந்தாய்.

நான் ஏதோ கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன கேட்டேன் என்று சொல்கிறேன்.

"இப்ப யாரோட ஆடறோம்டா?"

செமி ஃபைனலில் நாம் தோற்கடித்த டீமின் பெயரைச் சொன்னான்.

"ஸ்கோர் என்ன?"

"சாப்ட்டேன்க்கா."

இதுதான் அவன் பதில், கிளெமென்ட். சாப்ட்டேன்க்கா. நினைவு திரும்பி அவன் எழுந்திருக்கவில்லை. ஹத்து வந்துவிடுமே என்று அவன் கால்கள் எழுந்தன. சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு எழுந்து பழகிய கால்கள். எல்லாரும் சேர்ந்து எண்ணட்டும் என்று கன்னடத்தில் எண்ணச் சொன்னதே நான்தான். நம் சத்தத்தோடு பக்கத்துத் தெரு கன்னடக்காரர்களும் சேர்ந்துகொண்டபோது எனக்குச் சிலிர்த்தது. அது நல்ல சத்தம். ஆனால் அது மருந்து இல்லை.

உன் கூட்டத்திலிருந்து ஒருவன், "ஏய் நர்ஸம்மா, ஊசி போட்டுட்டு ஓடு" என்றான். அதற்குச் சிரித்தேன். அதற்கடுத்து ஒருவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். உனக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். டிரம் நிற்கவில்லை.

சங்கத்துக்காக நான் வாதாடவில்லை. செயலாளர் கோதண்டராமன் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஸ்ட்ரெச்சர் என்று அவர்கள் வைத்திருந்தது பந்தல்காரருடைய மடக்கு மேஜை. "அட்ஜஸ்ட் மாடி மேடம்" என்று என்னை அனுசரித்துப் போகச் சொன்னார் கோதண்டராமன். விதி மட்டும் வந்தது, அதன் பின்னால் வரவேண்டிய எதுவும் வரவில்லை. அதற்காக இருக்கும் ஒன்றையும் விட்டுவிட முடியாது.

மூன்று வாரம் அவன் பந்தைத் தொடக்கூடாது. தலைவலி இருக்கிறதா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
லீனாக்கா

•

லிங்கராஜபுரம்
9 பிப்ரவரி 2026

அக்கா,

தலைவலி இருக்கிறது. உன்னிடம் சொல்லக்கூடாதாம். மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறான். ஓட்டாமல் என்ன செய்வான்?

நீ எழுதிய எதையும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஒன்றை யோசிக்கவில்லை. இந்த விதி எங்கிருந்து வந்தது? டிவியில் பார்க்கிறோமே, அங்கே. அங்கே தலையில் அடிபட்டவன் மூன்று வாரம் வீட்டில் படுத்தால் மூன்று வாரத்துக்கும் சம்பளம் வரும். டாக்டர் வீட்டுக்கே வருவார். இங்கே ரயான் படுத்தால் அவனுடைய டெலிவரி ஐடியையே நிறுத்திவிடுவார்கள். அவன் தலையை நீ காப்பாற்றினாய். அவன் வயிற்றுக்கு எந்தப் புத்தகத்தில் விதி இருக்கிறது?

துறைக்காரர்கள் வேறு பையனை எடுத்துவிட்டார்கள். சின்னம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. "பெரிய படிப்புப் படிச்சவ" என்கிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் ஆட்கள் யாரும் இனி சங்கத்து மேட்சுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். பொம்மனஹள்ளியில், கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் ஒரு டோர்னமென்ட் நடக்கிறது. சங்கமும் இல்லை, கயிறும் இல்லை. கோட்டை ஒட்டி நிற்கலாம். ஆட்டக்காரன் மூச்சு முகத்தில் படும். நேற்று போய்ப் பார்த்தேன், திருவிழாக் கூட்டம். ஒருவன் புருவம் கிழிந்து, துணி கட்டிக்கொண்டு ஆடினான். ஜனங்கள் அழுதுகொண்டே கத்தினார்கள். இதைத்தான் நீங்கள் எங்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். எங்கள் வாழ்க்கையில் விழுகிறவனுக்காக யாரும் நிற்பதில்லை, அக்கா. அந்த மைதானத்தில் மட்டும்தான் ஒருவன் விழுந்தால் ஐந்நூறு பேர் எழுந்திரு என்கிறார்கள்.

வரும் ஞாயிறு ரயான் அங்கே ஆடுகிறான். ஒரு தனியார் கம்பெனி டீமின் மேனேஜர் வருகிறார். பிடித்தால் குடோனில் வேலை, பி.எஃப். உண்டு. தடுக்க வராதே. வந்தால் நானே உன்னைக் கோட்டுக்கு வெளியே தூக்கி வைப்பேன்.

தம்பி,
கிளெமென்ட்

•

ஈஜிபுரா
12 பிப்ரவரி 2026

அன்புள்ள கிளெமென்ட்,

வயிற்றுக்கு விதி இல்லை என்றாய். அது உண்மை. அதைப் படித்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு அந்தத் துறை ஆபீஸுக்குப் போனேன். காயத்தால் வெளியே போனவனுக்கு மறுபடி ஒரு டிரையல் வைக்கச் சொன்னேன். அதிகாரி டீ குடித்துக்கொண்டே, "ஆடாதவனை எப்படிம்மா எடுக்கறது? தலைவலின்னா வீட்ல இருக்கச் சொல்லுங்க" என்றார். விதிப்படிதானே வெளியே போனான் என்றேன். "அது சங்கத்து விதி, எங்க விதி இல்ல" என்றார். கோதண்டராமனிடம் கேட்டால், "அது துறையோட விஷயம், நம்மது இல்ல" என்கிறார். இரண்டு நாற்காலிக்கும் நடுவே நம் பையன் விழுந்து கிடக்கிறான். அவனுக்கு யாரும் எண்ணவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். உனக்கு ஐந்நூறு பேர் இருக்கிறார்கள். பொம்மனஹள்ளிக்குப் போகாதீர்கள். திங்கட்கிழமை அந்த ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள். டிரம்மை நீ எடுத்து வா. அந்த அதிகாரி டீயை வைத்துவிட்டு வெளியே வரும்வரை ஒந்துவிலிருந்து ஹத்து வரை திரும்பத் திரும்ப எண்ணுவோம். முதல் ஆளாக நான் கத்துகிறேன். போலீஸ் வந்தால் வரட்டும்.

பிள்ளையின் தலையைப் பந்தயம் வைத்து ரசிக்கிற வீரம் எனக்கு வேண்டாம். இந்த வீரத்துக்கு நான் வருகிறேன். நீ வருவாயா?

ஞாயிறு அவனை இறக்காதே. இரண்டாவது அடி முதல் அடி மாதிரி இருக்காது.

அக்கா

•

லிங்கராஜபுரம்
16 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை 'அன்புள்ள' போட்டிருக்கிறேன், பார். ஜெயித்தவன் போடலாம்.

இரண்டு கோல். ஒன்று காலால். இன்னொன்று, நீ உட்கார்ந்துகொண்டு படி, தலையால். கார்னரிலிருந்து வந்த பந்து, மொத்த டிஃபென்ஸுக்கும் மேலே எழும்பி முட்டினான். ஒன்றும் ஆகவில்லை. எண்ண வேண்டிய தேவையே வரவில்லை. மேனேஜர் அங்கேயே கை கொடுத்தார். மார்ச் இரண்டாம் தேதி குடோனில் சேர வேண்டும். சின்னம்மா எல்லார் வாயிலும் சர்க்கரையைக் கொட்டினாள். உனக்கும் டப்பாவில் மைசூர்பாக் அனுப்பியிருக்கிறாள். கோபம் போய்விட்டது என்று அர்த்தம். நீயும் தோற்றதை ஒப்புக்கொண்டு சாப்பிடு.

ஆபீஸ் வாசல் யோசனை நல்லதுதான். இப்போது தேவைப்படவில்லை.

நம் ஹீரோவுக்கு அதற்குள் தலைக்கனம். மேட்ச் முடிந்து அவன் வண்டியில் நான் பின்னால். லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் இறங்கி, நம் தெருவைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கிறான். "எங்கடா போறே?" என்றேன். "வீட்டுக்கு" என்றான். "வீடு பின்னால போச்சுடா." ஹென்னூர் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். ஊரில் இருக்கிற சந்துபொந்தெல்லாம் மேப் இல்லாமல் போகிறவன். அஷ்வினை இரண்டு தடவை பெயரை மாற்றி ஹெர்பர்ட் என்று கூப்பிட்டான். அஷ்வினுக்கு ஒரே கடுப்பு. இன்று மதியம் யாருடைய பிரியாணியையோ யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். பெரிய ஆள் ஆகிவிட்டால் இப்படித்தான் என்று பசங்கள் கலாய்க்கிறார்கள்.

போனில் என்னை அன்பிளாக் செய். வீடியோ அனுப்புகிறேன்.

உன் தம்பி,
கிளெமென்ட்

•

ஈஜிபுரா
19 பிப்ரவரி 2026

கிளெமென்ட்,

மைசூர்பாக் டப்பாவைத் திறக்கவில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி படி. நீ ஜோக் என்று எழுதியதை மட்டும் படி. கோல், மேனேஜர், சர்க்கரை எல்லாவற்றையும் விட்டுவிடு.

நான் சொன்னால் நம்ப மாட்டாய், நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள். அதனால் நீயே கேள். அவனைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போ. டிரம் வேண்டாம், பசங்கள் வேண்டாம். மூன்று கேள்விதான்.

போன ஞாயிறு யாரோடு ஆடினாய்?
உன் இரண்டாவது கோல் எப்படி விழுந்தது?
அன்றைக்கு வீட்டுக்கு எப்படி வந்தாய்?

நீ எடுத்துக் கொடுக்காதே. முதல் எழுத்துகூடச் சொல்லாதே. அவன் திணறினால் சிரிக்காதே. சும்மா இரு. பதிலை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அம்மாவின் பையில் வை.

மூன்றுக்கும் சரியாகச் சொன்னால் நான் தோற்றேன் என்று எழுதித் தருகிறேன். மாதா கோவில் வாசலில் ஒட்டிக்கொள். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் படிக்கட்டும்.

லீனா

•

ஈஜிபுரா
26 பிப்ரவரி 2026

கிளெமென்ட்,

திங்களன்று பையில் கடிதம் இல்லை. இன்றும் இல்லை. கேரியரில் மட்டன், ரசம், உருளைக்கிழங்கு. அடுக்கைப் பிரித்து அடியில்கூடத் தேடினேன். அம்மா நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ பொம்மனஹள்ளிக்குப் போகவில்லையாம். டிரம் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறதாம். பசங்கள் வந்து கூப்பிட்டதற்கு உடம்பு சரியில்லை என்றாயாம். ரயான் மட்டும் போனான், ஆடினான் என்றாள் அம்மா. வேறு எதுவும் கேட்காதே என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உனக்குச் சண்டை போடத் தெரியும். சும்மா இருக்கத் தெரியாது. கேட்டிருக்காவிட்டால், "கேக்க முடியாது போக்கா" என்று நாலு பக்கம் எழுதியிருப்பாய். அவன் சரியாகச் சொல்லியிருந்தால் நீயே டிரம்மோடு என் வாசலில் வந்து நின்றிருப்பாய். இரண்டும் இல்லை. அப்படியென்றால் நீ கேட்டிருக்கிறாய்.

நரம்பு டாக்டரிடம் சனிக்கிழமை காலைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். குடோன் வேலை போய்விடும் என்று நீ பயப்படுகிறாய். போகலாம். போனால் அந்த மேனேஜர் வாசலிலும் நிற்போம், துறை ஆபீஸ் வாசலிலும் நிற்போம், நான் வாங்கிய பேச்சு போதாதென்றால் இன்னும் வாங்குகிறேன். ஆனால் டாக்டர் என்னிடம் கேட்பார், நான் அவருக்குச் சொல்ல வேண்டும். டீக்கடையில் அவன் எதிரே உட்கார்ந்திருந்தவன் நீ ஒருவன்தான்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டாம். பையில் ஒரு துண்டுக் காகிதம் போதும்.

அவன் என்ன சொன்னான், கிளெமென்ட்?

அக்கா