இருபத்தைந்தாவது தோட்டா

பள்ளி அலுவலகம்,
ஆறாம் தேதி, வியாழன் மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நான், பாப்பா, மாமா மூவரும் நலம். உங்கள் இருமல் நின்றதா?

இதைப் படித்து முடிக்கும்வரை உங்கள் பழுப்புப் பையை யாரும் தொட வேண்டாம். கவிழ்த்து உதறவும் வேண்டாம். விடுமுறைக்கு வரும் இருபதாம் தேதி விமானத்துக்கு அந்தப் பையோடு போய் நின்றுவிடாதீர்கள். காரணத்தைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். உங்கள் சுரங்க சைட் ஆபீஸில் எடுத்தவர் "என்ன விஷயம், சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றார். அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நாளைக் காலை சாமான் லாரி புறப்படுவதற்குள் இந்தக் கடிதத்தைக் கம்பெனி அலுவலகத்தில் சேர்த்தாக வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை பாப்பா கண்ணாடி முன்னால் நின்று உதட்டில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னடி அது என்றேன். "தாத்தாவோட லிப்ஸ்டிக்மா, மூடியே வர மாட்டேங்குது" என்றாள். சிவப்புக் குழாய், அடியில் பித்தளை வட்டம். பித்தளையில் பச்சை பூத்திருந்தது. எனக்கு ஒரு நிமிடம் என்னவென்றே விளங்கவில்லை. பிறகுதான் தோட்டா என்று விளங்கியது. கத்தினால் பயந்து கீழே போட்டுவிடுவாளோ என்று சிரித்த முகத்தோடு போய், "அம்மாவுக்கும் கொஞ்சம் குடுடா செல்லம்" என்று கேட்டு வாங்கினேன். அந்தச் சிரிப்பை எங்கிருந்து கொண்டுவந்தேனோ.

மாமா வங்கிக் காவலிலிருந்து ஓய்வு பெற்றபோது துப்பாக்கியைக் கடைக்கே விற்று, லைசென்ஸையும் முடித்துக்கொண்டார் அல்லவா? தோட்டாக்களையும் அப்போதே கொடுத்துவிட்டார் என்றுதான் நானும் நீங்களும் நினைத்திருந்தோம். கொடுக்கவில்லை. அவர் பீரோவில், குளிருக்குப் போடும் சட்டைகளுக்கு அடியில் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே இருபத்து மூன்று. பாப்பாவிடம் வாங்கியதோடு இருபத்து நான்கு. பெட்டியின் மேல் இருபத்தைந்து என்று அச்சடித்திருக்கிறது. அவருடைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். கடைசியாக வாங்கியது இருபத்தைந்து, சுட்டது ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருடம் வங்கி வாசலில் உட்கார்ந்தவர் ஒரு குண்டுகூட வீணாக்கவில்லை.

அன்று முழுக்க வீட்டைக் குடைந்தேன். சமையலறை டப்பாக்கள், பாப்பாவின் பொம்மைக் கூடை, மாமாவின் சட்டைப் பைகள், தலையணை உறை, துணி துவைக்கும் இயந்திரத்தின் அடிவயிறு. குறைந்த அந்த ஒன்று கிடைக்கவில்லை. மாமாவைக் கேட்டால், "டியூட்டி முடிஞ்சதும் எண்ணிப் பார்த்துத்தான் வெச்சேன்" என்கிறார். எந்த டியூட்டி என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "துப்பாக்கியே இல்ல, தோட்டா தனியா எந்திரிச்சுப் போய் யாரைச் சுடப்போகுது? வாய்க்கால்ல வீசிட்டுக் கையைக் கழுவிட்டு வாம்மா" என்றார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அதற்கும் மேலே. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மருந்தைத் தனியாகக் கொட்டித் தருகிறேன், பூச்செடிக்கு நல்ல உரம் என்றார். நல்லவேளை, அவருக்கு நான் பெட்டியைக் காட்டவில்லை.

துப்பாக்கி விற்ற கடைக்காரர்தான் விவரமாகப் பேசினார். லைசென்ஸ் இல்லாதவரிடமிருந்து அவர் வாங்க முடியாதாம். "தண்ணியில போட்டா நாளைக்கு மண் அள்ளுறவன் கையில வரும். குப்பையில போட்டா வண்டியில நசுங்கறப்ப வெடிக்கும். பிரிக்காதீங்க, எரிக்காதீங்க, புதைக்காதீங்க. அடுப்பு, வெயில் படாத இடத்துல பூட்டி வெச்சுட்டு ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க" என்றார். அப்படியே செய்தேன். பீரோவைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். ஞாயிறு முழுவதும் மாமா அந்தப் பீரோவின் கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். அவர் ஆட்டும்போதெல்லாம் நான் சங்கிலியில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

திங்களன்று பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மனுவோடு மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கள் தலைமையாசிரியருக்காக எத்தனை மனு எழுதியிருக்கிறேன், இதற்கு மட்டும் நான்கு தாள் கிழித்தேன். இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அங்கிருந்த அதிகாரி நான் எதிர்பார்த்தது போல் இல்லை. பையில் போட்டுப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வராமல் இருந்தீர்களே, அதுவே பெரிய காரியம் என்றார். புதன் பதினோரு மணிக்கு, லைசென்ஸ் எடுத்திருந்தவரும் கூட வர, காரில் கொண்டுவரலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எலக்ட்ரீஷியன்தான் கார் ஓட்டினார். பின்சீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து மனிதர் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. மாட்டு வண்டியெல்லாம் எங்களை முந்திப் போயிருக்கும்.

மாமா அன்று பழைய மாமாவாக இருந்தார். தானே சவரம் செய்துகொண்டார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். அதிகாரி எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. ஆயுத அறைப் பொறுப்பாளர் மேசையில் பழைய பேப்பர் விரித்துத் தோட்டாக்களை எடுத்து வைத்து எண்ணினார். இருபத்து நான்கு. ஒன்று குறைகிறதே என்று என்னைப் பார்த்தார். வீடு முழுக்கத் தேடிவிட்டேன் என்று நான் ஆரம்பிப்பதற்குள் மாமா சொன்னார்.

"குறையல சார். என் பையன்கிட்ட இருக்கு."

எப்போது கொடுத்தீர்கள் என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். மாமா கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஊருக்குப் போற அன்னைக்கு. குளிக்கப் போயிருந்தான். பையில வெச்சேன். காடு, மலைன்னு தனியாப் போறான், ஒண்ணுமில்லாம எப்படி அனுப்பறது? நேரா குடுத்தா வாங்க மாட்டான் சார். என்மேல கோபமா இருந்தான்."

நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் புறப்பட்ட நாள் எனக்கும் நினைவிருக்கிறது. நீங்கள் படியிறங்கும்போது அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. நீங்களும் உள்ளே போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று மாதமாக உங்கள் கடிதங்களில் பாப்பாவின் பல் விழுந்ததுவரை கேட்கிறீர்கள். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் குறை சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

இனி அதிகாரி சொல்லச் சொன்னது. போகும்போது ரயிலும் லாரியும் என்பதால் யாரும் பையைச் சோதிக்கவில்லை. விமான நிலையத்தில் அப்படி இல்லை. பையில் ஒரு தோட்டா அகப்பட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். என் அப்பா வைத்தது, எனக்குத் தெரியாது என்றெல்லாம் அப்புறம் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே இப்போதே தேடுங்கள். கிடைத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள். குளிர் காயும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பள்ளத்தில் எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், கீழே வேலை செய்கிறவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தான். உங்கள் சுரங்கத்தில் பாறை தகர்க்க வெடிமருந்துப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவரைக் கூப்பிட்டு ஒப்படையுங்கள் என்றார் அதிகாரி. நடந்ததை நடந்தபடி சொல்லி எழுத்தில் ரசீது வாங்க வேண்டுமாம். ஸ்டேஷன் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ரசீது இங்கே வரும்வரை மாமாவின் கணக்கு முடியாது.

மணி அடித்துவிட்டது. ஒரு பதில் போடுங்கள். கிடைத்தது, கொடுத்துவிட்டேன் என்று இரண்டே வார்த்தை போதும். லாரி மலை ஏறும் நேரம் முழுக்க நான் இங்கே ஃபைலைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மனைவி

---

வீடு,
இருபத்து நான்காம் தேதி, திங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதமும் ரசீதும் சனிக்கிழமை வந்து சேர்ந்தன. ரசீதை இன்று காலையே ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் இருபத்தைந்து என்று எழுதி அடியில் கோடு போட்டார்கள். எல்லாவற்றையும் மொத்தமாக அழிக்கும் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்களாம். இனி நம் வீட்டில் வெடிக்கக்கூடியது பாப்பாவின் பலூன் மட்டும்தான்.

விடுமுறையை அடுத்த மாதம் இரண்டாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டாராமே. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்று எழுதியவள் நான்தான். உங்களுக்குத் தலைகுனிவு வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் மறுபடி எழுத வேண்டி வந்தால் அதையேதான் எழுதுவேன்.

ஆனால் உங்கள் இரண்டாம் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. போன முதல் வாரமே கம்பளிச் சாக்ஸுக்குள் பார்த்துவிட்டீர்களா? பார்த்துவிட்டு, அப்பா, 'என் முகத்தில் விழிக்காதே' என்று சொல்வதற்குப் பதிலாக இதை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டீர்களா? மூன்று மாதம் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினீர்கள்? என்னிடம் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? உங்கள் இருவருக்கும் நடுவில் நான் ஒருத்தி தபால்காரி போல உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் மட்டும் யாரும் எதையும் கொடுப்பதில்லை. கோபம் வந்தது. அப்புறம், என் கடிதத்தில் மாமா சொன்னதைப் படித்தபோது உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கோபம் போய்விட்டது.

அவர் ஸ்டேஷனில் சொன்னதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தன் கையில் இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான் என்று நினைத்தார். அதில் ஒன்றை உங்களுக்குக் கொடுத்தார். துப்பாக்கி இல்லாமல் அது எதற்கும் உதவாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் கடிதத்தை நேற்று மாமாவுக்குப் படித்துக் காட்டினேன், அந்த இரண்டாம் பக்கத்தை விட்டுவிட்டு. சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். "இன்னொரு தடவை படிம்மா" என்றார். படித்தேன். "நல்லா எழுதியிருக்கான்" என்றார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். பசி பரவாயில்லை. தூக்கம்தான் துண்டு துண்டாக இருக்கிறது. காலையில் எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை அங்கேதான். பிறகு எலக்ட்ரீஷியன் மனைவி வந்து பார்த்துக்கொள்கிறாள். தங்கமான மனுஷி, ஆனால் எத்தனை நாளைக்குக் கேட்பது? போன வாரம் நான் திரும்பி வரும்போது அவரை நாற்காலியில் காணவில்லை. மூன்று தெரு சுற்றினேன். வங்கி வாசலில் இருந்தார். அங்கே இப்போது காவலுக்கு இருப்பவர் அவருக்குத் தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். இதைச் சொல்லி உங்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்று ஒரு வாரம் பொறுத்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

இரண்டாம் தேதி என்றால் இரண்டாம் தேதி வாருங்கள். மறுபடி தள்ளினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விமானம் இல்லையென்றால் லாரி, லாரி இல்லையென்றால் எது கிடைக்கிறதோ அது. பாப்பாவுக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம், அவளுக்கு நீங்கள் வந்தால் போதும். எனக்கும் அப்படித்தான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்ததும் நேராக உள்ளே நுழைந்துவிடாதீர்கள். மாமா வாசலில்தான் இருப்பார். உங்களை நிறுத்தி யார் என்று கேட்பார். இப்போதெல்லாம் எல்லோரையும் கேட்கிறார், சில காலைகளில் என்னையும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் முன்னால் நின்று, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். யாருடைய மகன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
உங்கள் மனைவி