மீன் கடித்தால் கோபம் வருமா?

அண்ணே,

நேற்று கண்மாயில் நீந்திவிட்டுத் துவட்டிய துண்டு பால்கனிக் கொடியில் கிடக்கிறது. துவைத்த பிறகும் பாசி வாசனை போகவில்லை. "இது துண்டா, மீன் வலையா? தூக்கிப் போடவா?" என்று ஆனையூர் வீட்டில் காலையிலிருந்து மனைவியின் கேள்வி. நான் துண்டை முகர்ந்துகொண்டு நின்றேன். முகர்ந்தால் நீங்கள் நினைவுக்கு வருகிறீர்கள். ஒருவரை நினைத்துக்கொள்ள இதைவிட மரியாதையான வாசனைகள் உண்டுதான். எனக்கு வாய்த்தது இது.

நான் உங்களை அண்ணே என்பேன். நீங்கள் என்னை மாப்ள என்பீர்கள். எந்த உறவுமுறையிலும் இது பொருந்தாது, மதுரையில் மட்டும் பொருந்தும். நீங்கள் காப்பீட்டு முகவர். சிம்மக்கல் டீக்கடையில் யாராவது தும்மினால், டீ ஆறுவதற்குள் அவருக்கேற்ற பாலிசியை எடுத்து வைப்பீர்கள். அப்படிப்பட்டவரிடமிருந்து ட்ரையத்லான் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வாங்க முடியாது. நீந்தி, ஈரம் காயுமுன் சைக்கிள் மிதித்து, கால் நடுங்கும்போதே ஓடி முடிக்கிற அந்தப் போட்டியைச் சுற்றுப்பட்டு ஊர்களில் யார், எங்கே நடத்தினாலும் உங்களுக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டீர்கள்.

பெருநகரம் ஒன்றில் நடந்த பெரிய போட்டியை முடித்துவிட்டு, தோசைக்கல் அளவு மெடலோடு உங்களைப் பார்க்க வந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோசை வருமா மாப்ள?" என்று கேட்டீர்கள். அந்தக் கூட்டம் பிடிக்கவில்லை, பக்கத்தில் சின்னதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தீர்கள்.

"மீன் கடிச்சா ஒனக்குக் கோவம் வருமா?"

"எங்கண்ணே கடிக்கும்?"

"அது மீனோட இஷ்டம். பொடி மீனுதான்."

"வராதுண்ணே."

"சைக்கிள்ல போகையில முன்னாடி ஆடு வந்தா பெல் அடிப்பியா, நின்னு போவியா?"

"நின்னு போவேன்."

டீயை முழுக்கக் குடித்து முடித்தீர்கள். "யோசிச்சுச் சொல்றேன் மாப்ள."

ஆட்டைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று பல நாள் தவித்தேன். மறுபடி வந்து கேட்டேன், அதன்பிறகும் கேட்டேன். கடைசியில் ஒரு நாள், சொத்தில் பாதியை எழுதிக்கொடுப்பவர் போல, நாகமலைக்கு மேற்கே இருக்கும் அந்தக் கண்மாயின் பெயரைக் காதருகே சொன்னீர்கள்.

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு போட்டியில் நீச்சல், தோட்டத்துக் கிணற்றுக்குள். வட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்தியதில் ஒருவர் தலைசுற்றிப்போய், மேலே வந்து சைக்கிளையும் வட்டமாகவே ஓட்டினார். இன்னொன்றில் வைகையில் நீச்சல் என்று அறிவித்திருந்தார்கள். அந்த நம்பிக்கையைப் பாராட்ட வேண்டும். போனால் ஆற்றில் மணல்தான் இருந்தது. நீச்சலுக்குப் பதில் அதில் ஓடவிட்டார்கள். "ஆத்துக்குள்ள ஓடுனதால இதுவும் நீச்சல்தான்" என்று தீர்ப்பளித்தீர்கள்.

ஆனாலும் நமக்குப் பிடித்தது கண்மாய்தான். மிதவைக்கு டிராக்டர் டியூப். சாலையில் காயப்போட்ட வைக்கோலைச் சுற்றிக்கொண்டு சைக்கிள். கரைமேல் ஓட்டம். அந்த ஊர்ப் பெண் செல்வி, நகரத்து மருத்துவமனையில் நர்ஸ், விடுப்பெடுத்து நடத்துகிற போட்டி. கடைசி ஆள் வந்து சேராமல் யாருக்கும் இலை போட மாட்டார். அதனால் முதலில் வந்தவர்கள் பசியோடு கரைக்குத் திரும்பிப்போய், கடைசி ஆளை மனதார உற்சாகப்படுத்துவார்கள்.

முதல் முறை போனபோது, களையெடுக்கப் போன பெண்கள் வரப்பில் நின்று விசாரித்தது நினைவிருக்கிறதா?

"என்னண்ணே நடக்குது இங்க?"

"ட்ரையத்லான்மா."

"ட்ரையலா? அப்ப மெயினு எப்போ?"

"இன்னும் தேதி குறிக்கல" என்றீர்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"எங்கேருந்து எங்க போறீக?"

"இங்கேருந்து இங்கயேதான்."

"அதுக்கு எந்திரிக்காமலே இருந்திருக்கலாமே!"

ஊர் திரும்பும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். இந்த விளையாட்டைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை என்றீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். தூக்கத்தில், ஒரு படிவமும் நிரப்பாமல். நேற்று முதல்முறையாகத் தனியாகப் போனேன். நீருக்குள் இருந்தவர்களைவிடக் கரையில் நின்றவர்கள் அதிகம். சாப்பிட்ட பிறகு செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வருசம் இருக்காதுண்ணே. மீன் குத்தகைக்காரர்கிட்ட கெஞ்சணும், டியூபுக்கு அலையணும். இந்த நாலு பேருக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு ஊர்ல கேக்குறாங்க. நீங்க பத்திரிகையில எழுதுறவருதான? ஆளு வர்ற மாதிரி எழுதுங்களேன்."

எனக்குக் கிணற்றுப் போட்டிதான் நினைவுக்கு வந்தது. யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டு காற்றடைத்த நுழைவு வளைவு வந்தது, ஒலிபெருக்கி வந்தது, கிணற்றைவிடப் பெரிய பேனர் வந்தது. அதற்கடுத்த ஆண்டு தோட்டக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார்.

"எழுதினா கெட்டுப்போயிரும்மா. அதனாலதான் அண்ணன் யாருக்கும் சொல்லாம வச்சிருந்தாரு" என்றேன்.

செல்வி சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"யாரு, அவரா சொல்லல? இங்க வந்தவங்க அம்புட்டுப் பேரும் அவரு சொல்லி வந்தவங்கதான்!"

"என்கிட்ட மீன் கடிச்சா கோவம் வருமான்னு கேட்டுத்தான..."

"எல்லார்கிட்டயும் கேப்பாரு. கோவம் வரும்னு சொன்ன பேங்க் மேனேஜரும் வந்தாரே! வருசா வருசம் மீனைத் திட்டிக்கிட்டே நீந்துவாரு. 'வாங்கன்னா ஒருத்தனும் வரமாட்டான் தங்கச்சி, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு, தேடி வருவான்'னு எனக்கே பாடம் எடுத்தாரு."

அண்ணே, இத்தனை ஆண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்கிற மிதப்பில் நீந்தியிருக்கிறேன். டிராக்டர் டியூபே தேவைப்பட்டிருக்காது. நேற்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் தெரிந்தது, எனக்கு நீங்கள் விற்ற பாலிசி இதுதான் என்று. எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அலையவிட்டு, அந்தப் போட்டியைச் சாகாமலும் பெருத்துப்போகாமலும் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. அந்தக் கேள்விகள் வெறும் வியாபாரமா? அப்படியானால், முதல் போட்டியில் நான் கரையேறியதும் நேரத்தைக் கேட்காமல் ஓடிவந்து, "கடிச்சுச்சா? கோவம் வந்துச்சா?" என்று எதற்குக் கேட்டீர்கள்? விற்று முடித்த பிறகு பதிலை யார் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்? உங்களுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். சரிபார்க்க வழியில்லை.

பத்திரிகைக்கு எழுதப் போவதில்லை. இந்த மடலிலும் கண்மாயின் பெயர் இல்லை.

இன்று காலை கீழே மருந்துக்கடையில் வலிக்குத் தைலம் வாங்கப் போனேன். கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு, "நானும் சின்ன வயசுல நல்லா நீந்துவேன் சார். எங்க நடக்குது?" என்றார். நான் திருப்பிக் கேட்டேன்.

"நீந்திக்கிட்டு இருக்கையில பக்கத்துல எருமை வந்தா முந்துவீங்களா, வழி விடுவீங்களா?"

சில்லறை எடுத்த கை அப்படியே நின்றது. "எருமை எந்தப் பக்கமா சார் போகுது?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மதியம் கடையை ஆளிடம் விட்டு மாடியேறி வந்து, நன்றாக யோசித்துப் பார்த்ததாகவும், எப்படியிருந்தாலும் வழி விடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான் இன்னும் இடத்தைச் சொல்லவில்லை.

அவர் படியிறங்கியதும் செல்விக்குச் செய்தி அனுப்பினேன், அடுத்த வருடமும் நடத்துங்கள் என்று.

"எத்தன பேருண்ணே வருவாங்க?" என்று உடனே பதில் வந்தது.

"கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று எழுதினேன்.