நீ வாசித்துச் சொன்ன கடிதம்

மகளுக்கு,

அப்பா வீட்டில் இருப்பதால் கதைக்காமல் எழுதுகிறேன்.

இங்கே சுவிஸில், கூர் நகரத் தாதியர் கல்லூரியில் நீ எடுத்த புள்ளிகளைப் பேர்ண் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை என்று கடிதத்தை வாசித்துச் சொன்னாய். வீட்டோடு இருந்து வேலைக்குப் போகிறாய். நேற்று அந்தக் கடிதத்தை என் டொச் மொழி வகுப்பு ஆசிரியையிடம் காட்டினேன். எல்லாப் புள்ளிகளையும் ஏற்று, இடமும் தந்திருக்கிறார்களாம்.

எவனோ ஒரு பொடியன்தான் உன்னைப் போகவிடாமல் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். உன் கைப்பையைக்கூடக் கிண்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பிறகுதான் ஞாபகம் வந்தது. அதே கிழமைதான் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் வாசித்து, "ஒண்டுமில்லையம்மா, வயித்துப்புண்தான்" என்றாய்.

அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை எனக்கு வகுப்பு. அதற்கு முதல் நீயே வந்து, இந்த முறை உள்ளதை உள்ளபடி வாசி.

அம்மா