மஞ்சள் பால் வடியாத கற்றாழை

அடியே,

இன்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது தெரு வெயிலில் நெடுநேரம் நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் கழுத்தெல்லாம் எரிச்சல். கொல்லையில் ஒரு கற்றாழை மடலை ஒடித்து, மஞ்சள் பால் வடியட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்தேன். அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும் பழைய கோபம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. செத்தவளோடு சண்டை போடக் கூடாதுதான். நீ உயிரோடு இருந்தபோது அதற்கு முகம் கொடுத்தாயா?

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் நம் இருவருக்கும் வெயிலில்தான் வேலை. வெடிமருந்தைத் திறந்த மேடையில் பரப்பிக் காயவைக்க வேண்டும். சாயங்காலம் வேனுக்குக் காத்திருக்கும்போது வேலியோரக் கற்றாழையை ஒடிப்பாய். சும்மா தடவு என்று நான் பறப்பேன். "பொறு புள்ள. பால் வடியாமத் தேச்சா ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே கெடப்ப" என்பாய். வடிந்தபின் அலசி அலசி, மடலுக்குள் இருக்கும் வழுவழுப்பான சோற்றை மட்டும் என் கழுத்தில் வைப்பாய். வேன்காரர் ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டாய். என் தோல்மேல் என்னைவிட உனக்குத்தான் அக்கறை.

சுனாமி வந்ததற்கு மறுவருஷத் தீபாவளி சீசன். மேடையில் ஒரு தட்டு மருந்து குப்பென்று தீப்பிடித்தது. என் வலது கை விரலிலிருந்து முழங்கை வரை கன்றிப் போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அழுதேன். அன்று சர்க்கார் ஆபீசர் கம்பெனிக்குச் சோதனைக்கு வருகிற நாள். போர்மேன் உன்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நீ கற்றாழையோடு ஓடிவந்து, ஒடித்த வேகத்தில் அப்படியே அப்பினாய்.

"ஏ புள்ள, பால் வடியலையே" என்றேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபீசர், "கையில என்னம்மா?" என்றார்.

"வெயில் சார். அவளுக்கு வெயிலே ஒத்துக்கிடாது" என்றாய் நீ.

"இல்ல சார், மருந்து பிடிச்சிருச்சு."

"எரிச்சல்ல ஒளறுறா சார்."

அவர் போய்விட்டார். நானாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது புண் சீழ் பிடித்திருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளாதவளுக்கு இங்கே வேலையில்லை என்று, உன் சொல்லை வைத்தே போர்மேன் என்னை நிறுத்தினார். உனக்கு நிழலில், பெட்டி ஒட்டுகிற அறையில் இடம் கிடைத்தது. கம்பெனியைப் பூட்டினால் அம்புட்டுப் பேரும் பட்டினி என்று பிறகு யாரிடமோ சொன்னாயாம். என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே! ஒரே தெருவில் இருந்துகொண்டு, என்னைக் கண்டால் சந்துக்குள் திரும்பினாய்.

இப்போது என் மகள் சுவரில் சாய்த்த அந்த மடலோடு நிற்கிறாள். "சும்மா தடவட்டுமாம்மா?" என்கிறாள். "பொறு புள்ள" என்று என் வாயில் உன் பேச்சுத்தான் வருகிறது. இரண்டு விரல் மடங்காத கையால் சோற்றை அலசிக் கொடுக்கிறேன், நீ செய்தபடியே.

நீ பொய் சொன்னதைக்கூட என்றாவது மன்னித்திருப்பேனடி. அன்று அந்தப் பால் வடிகிற வரைக்குமாவது பொறுத்திருந்தாயானால்.