அவர்கள் எழுதிய ‘சாரி’

அன்புள்ள சின்னவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். உன் அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. அவளுடைய மாத்திரை டப்பாவை உன் அக்கா தூக்கிப் போடப் போனாள், தொடாதே என்றுவிட்டேன்.

நான் எழுதிய புகாருக்கு மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. உங்கள் இழப்புக்கு சாரி என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கீழே, இத்தோடு விஷயம் முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட இடம். அம்மாவின் ரிப்போர்ட்டை வேறு யாருடைய ஃபைலிலோ செருகி நாற்பது நாள் தூங்கவிட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் அக்கா, “அதான் சாரி சொல்லிட்டாங்களேப்பா, கையெழுத்தப் போட்டுத் தொலைங்க, கல்லுல நார் உரிக்கிற வேலை உங்களுக்கு எதுக்கு” என்கிறாள். நான் ஆறாவதோடு நின்றவன்தான், ஆனால் தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் சாப்பாட்டு நேரத்தில் அகராதி படித்தவன். எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல், புண் என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து பிறந்ததாம். எனக்கு வலிக்கிறது என்பதுதான் ஆதிப் பொருள், மன்னிப்பெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வலி யாருக்கும் வரலாம், தெருவில் போகிறவனுக்கும் வரலாம். தவறு யாருடையது என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. எங்கள் ஸ்டோரில் மாற்றிச் சாமான் கொடுத்தவன் ‘நான்தான் பார்க்காமல் கொடுத்தேன்’ என்று நோட்டில் எழுதிப் பெயர் போட வேண்டும், அதற்குமேல் அவனை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டோம். அதைத்தான் இவர்களிடமும் கேட்டேன். யோசனை கேட்கப் போன இடத்தில் வக்கீல் சிரித்துவிட்டார். “பெரியவரே, தலைகீழா நின்னாலும் அப்படி எழுதித் தர மாட்டாங்க, கேஸும் நிக்காது” என்றார். நிற்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வறட்டுப் பிடிவாதம் என்பாய், சொல்லிக்கொள். அந்த நாற்பது நாளில் உன் அம்மா மூன்று தடவை, “வயித்துல என்னமோ பண்ணுதுங்க, ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துரலாமா” என்றாள். நான்தான், ஏதாவது இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள், சீட்டு வராமல் கவுன்டரில் போய் நிற்கக் கூடாது என்றேன். ஸ்டோர்காரன் புத்தி. அவர்கள் தவறு என்று அவர்கள் எழுதித் தராவிட்டால், மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.

எல்லோருக்கும் என் ஆசிகள். உனக்கும் உன் அம்மாவின் உடம்புவாகு. பரிசோதனை செய்துகொள், முடிவை யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா