அழாமல் எடுத்த கண்ணீர்

நவம்பர் 8, 2016. செவ்வாய்

சுவிஸ், பேர்ணில் மூடுபனி. ட்ராம் ஜன்னலுக்கு வெளியே ஊரே இல்லை. பாதி நித்திரையில் கண் மருத்துவமனைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

இன்று திரு. பெ. ஈரானியர். இளமையில் போர்முனையில் நச்சுவாயு பட்டவர். இத்தனை வருடம் கழித்து இடது கண் மங்கிக்கொண்டு வருகிறது. கீழிமைக்குள் காகிதப் பட்டை செருகிக் கண்ணீர் எடுக்க வேண்டும். அதிலுள்ள புரதங்களைப் பார்த்துத்தான் புது மருந்து கொடுக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். பட்டை நனையவேயில்லை. வெள்ளிக்கிழமை பாசல் ஆய்வுகூடத்துக்குக் கடைசிப் பெட்டி. அதற்குள் கிடைக்காவிட்டால் மருந்தும் இல்லை.

"ஆக்களை அழப்பண்ணியோ எடுக்கிறியள்?" வீட்டிலிருந்து தொலைபேசியில் அம்மா. இல்லையம்மா, அழுதால் தண்ணீர்தான் கூடும், தேடுவது கரைந்துவிடும் என்றேன். நல்ல வேலை பிடித்தாய் என்று சிரித்தார்.

வாங்க: பால், பட்டாணி, சப்பாத்துக் கயிறு.

10, வியாழன்

மூடுபனி விலகவில்லை. அம்மாவுக்குத் தடிமன், மூக்கடைப்பு. உள்ளிப்பூண்டு இடித்து ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு ஓடினேன். கை கழுவினேன், கையுறையும் போட்டேன். தலைமுடியில் ஒட்டிய மணத்தை யார் நினைத்தார்கள்.

பட்டையோடு குனிந்ததும் பெ. விறைத்துப்போனார். உள்ளியா என்று ஜெர்மனில் கேட்டார். ஆமென்றேன். அந்த வாயுவுக்கும் அதே மணம்தானாம். பதுங்குகுழியில் இவரும் கூட்டாளியும் பசியோடு. யாரோ சமைக்கிறார்கள் என்று இருவரும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்களாம். கூட்டாளி ஊர் திரும்பவில்லை.

பட்டை முழுக்க நனைந்துவிட்டது. உதவாது. குப்பையில் போடக் கை வரவில்லை, ஆனாலும் போட்டேன். என்மேலேயே கோபம். அவர்தான் என்னைத் தேற்றினார், நாளைக்கு வருகிறேன் என்று.

11, வெள்ளி

தலை முழுகி, ஒன்றும் சமைக்காமல் போனேன். அம்மாவுக்குக் கடையில் வாங்கிய பாண்தான்.

பெ. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பட்டையைச் செருகினேன். ஜன்னல் முழுக்க வெள்ளை. ஹீட்டரின் முணுமுணுப்பு. ஈரம் காகிதத்தில் மெல்ல மெல்ல ஏறியது, நித்திரை வருவது போல. பட்டையின் அளவுக் கோட்டைத் தாண்டியது. போதும். எனக்குத்தான் மூச்சு வந்தது.

பட்டையைக் குழாயில் போட்டு மூடிப் பெட்டியில் வைத்தேன். ஆய்வுகூட ஆள் வந்து எடுத்துப் போனார். பெ. இன்னும் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"முடிந்ததா?"

முடிந்தது என்றேன்.

"இனி அழலாமா?"

"ஓம்." தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது. கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.