வயிற்றிலும் நெஞ்சிலும் தண்ணீர்

26.6.96 புதன்
காலையிலிருந்து சாரல். ஸ்கூட்டர் கிளம்பவில்லை, பஸ். மைக்ரோஸ்கோப் பல்பு கேட்டு இரண்டு மாதம். சர்ஜன் அறைக்கு மட்டும் புது ஏ.சி.

பெண்கள் வார்டு, சரஸ்வதி, 42, உடுமலை. சினைப்பையில் கட்டி. வயிற்றிலும் நெஞ்சிலும் தண்ணீர். லேபுக்கு வந்த தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். புற்றுச்செல் இல்லை. அப்படியே எழுதினேன்.

சர்ஜன் வந்தார். காலேஜில் என் நோட்டைப் படித்துப் பாஸானவர். "நெஞ்சு வரைக்கும் பரவியாச்சுப்பா. கேன்சர் சந்தேகம்னு மாத்திக் குடு. ஊட்டுக்கு அனுப்பிடலாம்."

இல்லாததை எழுத மாட்டேன் என்றேன்.

"நீ ஸ்லைடுக்கு டாக்டர். நோயாளிக்கு நான்."

28.6.96 வெள்ளி
புத்தகம் புரட்டினேன். அபூர்வம், ஆனால் உண்டு. கேன்சர் அல்லாத, சாதுவான நார்க்கட்டியே இப்படித் தண்ணீர் கோக்கும். கட்டியை எடுத்தால் வற்றிவிடும். சர்ஜனிடம் காட்டினேன். "புத்தகத்துல ஆயிரம் இருக்கும்."

வார்டுக்குப் போய் வருடங்கள். இன்று போனேன். சரஸ்வதியின் புருஷன் கையில் கல்யாணப் பத்திரிகை. "பெரிய டாக்டர் கைய விரிச்சுட்டாருங்க. இவ கண்ணு மூடறதுக்குள்ள புள்ளைக்கு முடிச்சுப்போடலாம்னுங்க. ஆடி பொறந்தா ஆகாதுங்களே."

பெண் பிளஸ் டூ. மாப்பிள்ளை இவருடைய அக்கா மகன்.

"என் ரிப்போர்ட்ல கேன்சர் இல்லைங்க. ஆபரேஷன் கேளுங்க. மாட்டேன்னா வேற ஆஸ்பத்திரி போங்க."

அவர் பத்திரிகையை மடக்கினார். கட்டிலிலிருந்து சரஸ்வதிதான், மூச்சு வாங்க: "நானே கேக்கறேனுங்க."

29.6.96 சனி
கேட்டுவிட்டாள். சர்ஜன் லேபுக்கே வந்து கத்தல். "என் பேஷண்டைக் கலைக்கறயா? திறந்து கேன்சர்னா அன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடு."

சரி என்றேன். பதவியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், ஸ்லைடு பார்க்கும் கண்ணை அல்ல.

சர்க்கரை, தீப்பெட்டி வாங்க மறந்தேன்.

1.7.96 திங்கள்
ஆபரேஷன் முடிந்து கட்டி லேபுக்கு வந்தது. தேங்காய் அளவு. வெட்டினால் வெள்ளை, கெட்டி, நார் நாராக. ஸ்லைடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

4.7.96 வியாழன்
ஃபைப்ரோமா. சாதுக்கட்டி. கொட்டை எழுத்தில் எழுதினேன்.

ரவுண்ட்ஸில் சர்ஜன், ஜூனியர்களிடம்: "எனக்கு மொதல்லயே ஒரு டவுட்டு." மறக்க மாட்டேன்.

10.7.96 புதன்
எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம். சொல்லப் போனேன். புருஷன் இழுத்தார். "சந்தோசமுங்க. ஆனா மண்டபம் சொல்லியாச்சு, அக்கா என்ன நெனைக்கும்..."

சரஸ்வதி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தவில்லை. "ஏனுங்க, நான் சாகறேன்னுதானுங்க அவசரம்? சாகலைங்களே. புள்ள பள்ளிக்கோடம் போகட்டும். உங்கக்காகிட்ட நீங்களே போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. பஸ்ஸு இருக்குது."